பக்கத்து மேசைக்குப் போக ஊரைச் சுற்றும் பைல்!

வாசுதேவநல்லூர் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடையின் பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் இப்படி 4 கடை இருக்கிறது.

மாலை 5 மணி. ராஜபாளையம் போகும் பஸ் ஒரு பக்கம், தென்காசி போகும் பஸ் ஒரு பக்கம், ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. கடைக்குள் 7 பேர் காத்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு பெரியவர் வந்தார். எலுமிச்சைத் தோட்டக்காரர். கையில் பட்டா, ஆதார், பாங்கு பாஸ் புத்தகம். கடன் மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதல் மேசையில் இருந்த பையன் மூன்றையும் ஸ்கேன் எடுத்தான். பிரிண்டர் இருப்பது 2-வது மேசையில். இரண்டுக்கும் நடுவே 4 அடி தூரம்.

அந்த 4 அடியைத் தாண்ட பைல் என்ன செய்தது, தெரியுமா?

முதல் மேசையில் இருந்து கடையின் ஈ-மெயிலுக்கு ஏறியது. எங்கோ ஒரு கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டருக்குப் போனது. அங்கிருந்து 2-வது மேசைக்கு இறங்க வேண்டும். நெட் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"தம்பி, ஆச்சா?"

"நெட் ஸ்லோவா இருக்கு அண்ணாச்சி. ஒரு நிமிஷம் பொறுங்க."

ஒரு நிமிஷம் 15 நிமிஷம் ஆனது. அவர் போக வேண்டிய பஸ் கிளம்பிப் போய்விட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்சுக்கு நின்றார்.

பஸ் போனது கூடப் பெரிதில்லை. அந்த 2-வது மேசையில் ஈ-மெயில் திறந்தே கிடந்தது. அதில் வரிசையாக ஊர்க்காரர்களின் ஆதார், பான் கார்டு, பாஸ் புத்தகம், பத்திரம்! போன வாரம் வந்தவருடையதும் இருந்தது. போன வருஷம் வந்தவருடையதும் இருந்தது. கடையில் நின்ற யாரும் எட்டிப் பார்க்கலாம்.

கையை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்கு இத்தனை சுற்றா? இத்தனை ஆபத்தா?

தேவையே இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு நேராக பைல் அனுப்ப வழி இருக்கிறது. காசு கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர் என்றால் நெட்டும் வேண்டாம்!

உழவர் சந்தை முறை

இதற்கு இங்கிலீஷில் "பியர் டு பியர்" என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாம் "நேர்வழி" என்றே சொல்வோம்.

1999-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்-அமைச்சர் கருணாநிதி திறந்து வைத்தார். விளைவித்தவர் கொண்டுவருகிறார். சாப்பிடுகிறவர் வாங்குகிறார். நடுவில் ஆள் இல்லை. நேர்வழியும் அதேதான். பைல் வைத்திருப்பவர் கொடுக்கிறார். வேண்டியவர் வாங்குகிறார். நடுவில் கம்பெனி இல்லை.

ஈ-மெயிலில் நாம் எல்லோரும் சின்ன ஆள். நடுவில் இருக்கும் சர்வர்தான் பெரிய ஆள். அது கேட்டால்தான் வேலை நடக்கும். நேர்வழியில் 2 கம்ப்யூட்டரும் சமம். நம் ஊர் அர்த்தநாரீசுவரரைப் பாருங்கள். ஆண் பாதி, பெண் பாதி. இதில் யார் உசத்தி, யார் மட்டம்? "பியர்" என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதான். சமமானவர்.

8 ஜி.பி. கல்யாணம்

கணக்கு சொன்னால்தான் நம் வியாபாரிகளுக்குப் பிடிக்கும். இதோ கணக்கு.

ஒரு கல்யாணத்துக்கு போட்டோக்காரர் எடுத்த படங்கள் 8 ஜி.பி. என்று வையுங்கள். ஜி-மெயிலில் ஒரு தடவை இணைக்க முடிவது 25 எம்.பி. தான். வாட்ஸ்-அப்பில் ஒரு பைல் 2 ஜி.பி. வரை போகும். ஆனால் படமாக அனுப்பினால் அது படத்தை நசுக்கி விடும். ஆல்பத்தில் போட்டால் மாப்பிள்ளை முகம் மங்கலாக இருக்கும். "டாக்குமெண்ட்" என்று போட்டு அனுப்பினால்தான் தப்பிக்கலாம்.

சரி, நெட்டில் எங்காவது ஏற்றி வைத்து எடுக்கலாம் என்றால், ஏறுகிற வேகம் விநாடிக்கு 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் 8 ஜி.பி. ஏற 3½ மணி நேரம் ஆகும். அதன்பிறகு அந்தப் பக்கம் இறக்க வேண்டும். அது தனி.

அதே 8 ஜி.பி. ஒரே வைபையில் உள்ள 2 கம்ப்யூட்டருக்கு நடுவே, விநாடிக்கு 160 மெகாபிட் வேகத்தில் போனால் 7 நிமிடம். நடுவில் நல்ல கேபிள் போட்டு "கிகாபிட்" வேகம் கிடைத்தால் 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு டீ ஆறுகிற நேரம்!

இதில் நெட் டேட்டா ஒரு எம்.பி. கூடச் செலவு இல்லை. ரீசார்ஜ் தீர்ந்து போயிருந்தாலும் வைபை பெட்டியில் மின்சாரம் இருந்தால் போதும். பெட்டி இல்லை என்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டாலும் சரி.

"பென் டிரைவ் இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 10 கம்ப்யூட்டரில் குத்தி, 10 கம்ப்யூட்டரின் வைரசையும் சுமந்து வருகிறதே, அதுவும் இருக்கிறது. ஊர் ஜெராக்ஸ் கடையில் குத்திய பென் டிரைவை வீட்டில் குத்துவதற்கு முன்னால் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.

கெட்ட பெயர் எப்படி வந்தது?

நேர்வழிக்கு ஊரில் ஒரு கெட்ட பெயர் உண்டு. "அது திருட்டுப் படம் இறக்குற சமாச்சாரம்லா?" என்பார்கள்.

அமெரிக்காவில் 1999-ல் ஷான் பேனிங் என்ற மாணவர் "நாப்ஸ்டர்" என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். பாட்டுக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2001-ல் அது மூடப்பட்டது.

அதே 2001-ல் பிராம் கோகன் என்பவர் "பிட்டாரண்ட்" முறையைக் கொண்டுவந்தார். அது இன்னும் கெட்டிக்கார வேலை. கோவில் கொடைக்கு நோட்டீஸ் அடித்து, ஒரே ஆள் ஊர் முழுக்கக் கொடுத்தால் கால் தேய்ந்து போகும். வாங்கியவர் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தால்? ஒரே மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பிட்டாரண்ட் அப்படித்தான். பைலைத் துண்டு துண்டாக்கி, வாங்குகிறவர்களே கொடுக்கிறவர்களும் ஆகிவிடுகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முத்திரை உண்டு. நடுவில் யாராவது மாற்றி வைத்தால் முத்திரை பொருந்தாது. அந்தத் துண்டு குப்பைக்குப் போகும்.

அந்த வழியில் திருட்டு சினிமா போனது உண்மை. போய்க்கொண்டிருப்பதும் உண்மை. 2023-ல் சினிமா சட்டத்தைத் திருத்தி, படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தாலோ, அதைப் பரப்பினாலோ 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில் என்று வைத்திருக்கிறார்கள். அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும். யாரும் விளையாட வேண்டாம்.

ஆனால், அதே வழியில்தான் "லினக்ஸ்" என்ற இலவச சாப்ட்வேரும் உலகம் முழுவதும் போகிறது. அதில் திருட்டு ஒன்றும் இல்லை. நம் பக்கத்து அருவாள் வாழைத்தாரும் வெட்டும், வம்பும் செய்யும். அதற்காகக் கொல்லன் பட்டறையையா மூடுவது?

59 செயலிகள்

இன்னொரு பயமும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

சில வருஷம் முன்பு நம் பையன்கள் போனில் எல்லாம் "ஷேர்இட்", "சென்டர்" இரண்டும் இருந்தன. பஸ்சில் போகும்போதே பாட்டு மாறும், படம் மாறும். அவையும் நேர்வழிதான். 2020-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி மத்திய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை போட்டது. டிக்டாக்கோடு சேர்ந்து இந்த இரண்டும் போயின. நாட்டு மக்களின் விவரங்கள் வெளிநாட்டு சர்வர்களுக்குப் போகின்றன என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. 2021 பிப்ரவரியில், ஷேர்இட்டில் பெரிய ஓட்டைகள் இருப்பதாக "டிரெண்ட் மைக்ரோ" என்ற பாதுகாப்புக் கம்பெனியும் அறிக்கை வெளியிட்டது.

இதில் படிக்க வேண்டிய பாடம் என்ன? வழி நல்ல வழிதான். வண்டிதான் சரியில்லை. பைலை நேராகக் கொண்டுபோன செயலியே, கூடவே விளம்பரம் என்றும் வேவு என்றும் வேறு சரக்கையும் ஏற்றினால், நடுவில் ஆள் இல்லாமல் போய் என்ன பிரயோசனம்?

தடை செய்த செயலியை யாரோ கொடுத்த காப்பியில் இருந்து இன்றும் சிலர் போட்டுக்கொள்கிறார்கள். அது வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற கதை.

எதைப் போடுவது?

"லோக்கல்சென்ட்" என்று ஒன்று இருக்கிறது. இலவசம். விளம்பரம் இல்லை. அது எழுதப்பட்ட விதத்தை யாரும் திறந்து பார்க்கலாம். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். 2 கருவியும் ஒரே வைபையில் இருந்தால் போதும். ஒன்றுக்கொன்று பார்த்துக்கொள்ளும். பைலைத் தேர்ந்தெடுத்து, யாருக்கு என்று தொட வேண்டியதுதான். அந்தப் பக்கம் "வாங்கிக்கொள்ளவா, வேண்டாமா?" என்று கேட்கும். "சரி" என்றால்தான் போகும். போகிற வழியில் பூட்டுப் போட்டே போகும்.

ஒரு எச்சரிக்கை. அது ஒவ்வொரு கருவிக்கும் தானாகவே ஏதாவது ஒரு பழத்தின் பெயரை வைத்துவிடும். கடையில் 4 கம்ப்யூட்டர் இருந்தால் எந்தப் பழம் எந்த மேசை என்று குழம்பும். ஒருவர் பட்டா இன்னொருவர் போனுக்குப் போய்விடும்! முதல் வேலையாக "மேசை 1", "மேசை 2" என்று பெயரை மாற்றி வையுங்கள்.

ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு "ஏர்டிராப்", ஆண்ட்ராய்டுக்கு "குயிக் ஷேர்" ஏற்கனவே உள்ளேயே இருக்கின்றன. தேடிப் போக வேண்டாம்.

வெளியூருக்கு?

மகன் திருப்பூரில் இருக்கிறான், நேராக அனுப்ப முடியுமா என்று கேட்கலாம். முடியும். ஆனால் கொஞ்சம் சிக்கல்.

நெல்லைச் சீமையில் வளவு வீடு தெரியும் அல்லவா? ஒரே தலைவாசல். உள்ளே 8 குடித்தனம். வெளியூர்க்காரர் வந்தால் எந்த வீடு என்று தெரியாது. யாராவது கூட்டிப்போய் விட வேண்டும். நெட் கம்பெனிகளும் அப்படித்தான், பல வீடுகளை ஒரே முகவரிக்குள் வைத்திருக்கின்றன. அதனால் 2 கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க நடுவில் ஒரு தரகர் வேண்டும். கல்யாணத் தரகர் போல! அறிமுகம் செய்து வைத்து ஒதுங்கிவிட வேண்டும். பேச்சு 2 வீட்டாருக்கும் நடுவில்.

"மேஜிக் வார்ம்ஹோல்" என்ற கருவி இதை அழகாகச் செய்கிறது. அனுப்புகிறவருக்கு ஒரு எண்ணும், 2 இங்கிலீஷ் சொற்களும் வரும். அதைப் போனில் மகனுக்குச் சொல்ல வேண்டும். அவன் அடித்தால் பைல் போகும். ஒரு தடவைதான் செல்லும். தப்பாக அடித்தால் காலாவதி. நேராக வழி கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வழியாகப் போகும். ஆனால் பூட்டிய பெட்டியாகத்தான் போகும். சாவி 2 பேரிடம் மட்டும். இதைக் கறுப்புத் திரையில் எழுத்து அடித்துத்தான் வேலை வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். சொல்லித் தருவார்கள்.

குறை இல்லையா?

இருக்கிறது. மறைக்கக் கூடாது.

ஒன்று: 2 கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். ஈ-மெயில் என்றால் ராத்திரி அனுப்பிக் காலையில் பார்க்கலாம். இதில் அது நடக்காது.

இரண்டு: நடுவில் காப்பி இருக்காது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் பைலும் போச்சு. முக்கியமானதை 2 இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று: இதுதான் பெரியது. நேர்வழி நடுவில் உள்ள ஆளைத்தான் நீக்கும். வாங்குகிற ஆளை அது திருத்தாது. கடைக்காரர் பைலை அழிக்காமல் வைத்திருந்தால், அது ஈ-மெயிலில் வந்தால் என்ன, நேரில் வந்தால் என்ன? ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

கடைக்காரர்களே! இன்று ராத்திரி கடை அடைக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் நேர்வழிக் கருவி ஒன்றைப் போடுங்கள். வாடிக்கையாளர் வேலை முடிந்ததும் பைலை அவர் கண் முன்னால் அழியுங்கள். குப்பைத்தொட்டிப் படத்தில் இருந்தும் அழியுங்கள். பழைய ஈ-மெயிலில் கிடக்கும் ஊரார் ஆதாரை எல்லாம் துடைத்து விடுங்கள். அடுத்தவர் சொந்த விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்பதற்கும், வேலை முடிந்ததும் அழிப்பதற்கும் 2023-ல் பாராளுமன்றம் ஒரு சட்டமே போட்டிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்து, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் வந்து கதவைத் தட்டும் முன் நாமே ஒழுங்காகிக்கொள்வது மரியாதை.

வாடிக்கையாளர்களே! வெட்கப்படாமல் கேளுங்கள். "தம்பி, என் பேப்பரை அழிச்சிட்டியா? எங்க, காட்டு." அவ்வளவுதான். ஆதாரில் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற காப்பி, ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. அது போதும் என்கிற இடத்தில் முழு எண்ணையும் கொடுக்காதீர்கள்.

வாத்தியார்களே! 2011-ம் ஆண்டு முதல் அரசு, பிள்ளைகளுக்கு லேப்-டாப் கொடுத்தது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்-டாப் அல்லது கைக்கணினி என்று 2025-26 பட்ஜெட்டிலும் அறிவித்தார்கள். பெட்டி கொடுத்தால் போதாது. 2 பெட்டியை இணைத்து, பாடத்தை ஒருவருக்கொருவர் கொடுக்கவும் சொல்லித்தர வேண்டும். வகுப்பில் 40 பேருக்கும் ஒரே பாடம் 40 தடவை நெட்டில் இருந்து இறங்குவது வீண் செலவு. ஒரு பிள்ளை இறக்கினால் மற்ற 39 பேருக்கும் வைபையிலேயே போய்விடும்.

தென்காசிக்குப் பக்கத்தில், மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ கம்பெனி இருந்து சாப்ட்வேர் எழுதுகிறது. உலகம் வாங்குகிறது. நம் வட்டாரத்துக்குக் கம்ப்யூட்டர் புதிது என்று இனி யாரும் சொல்ல முடியாது. உலகத்துக்கு சாப்ட்வேர் எழுதுகிற மண்ணில், ஒரு பைல் 4 அடி நகர முடியாமல் தவிப்பது நமக்கு அழகா?

அந்தப் பெரியவரின் 3 பேப்பரும் சேர்ந்து சில எம்.பி. தான். நேராக விட்டிருந்தால் 2, 3 விநாடியில் முடிந்திருக்கும். அவரும் அந்த பஸ்சிலேயே போயிருப்பார். பொழுது சாயும் முன் வீட்டுக்குப் போய், தோட்டத்தையும் ஒரு எட்டுப் பார்த்திருப்பார்.

அடுத்த தடவை அவர் வரும்போதாவது, பைல் நேராகப் போகட்டும். அவர் பேப்பரும் அவரோடேயே வீட்டுக்குப் போகட்டும்!